நாலாவது டிரம்மைக் கலக்கியவன்

மாப்ள,

நேற்றுக் காலை உன் தோட்டத்தில் கல் சுண்ணாம்பு நீற்றினார்கள். தொட்டியில் தண்ணீர் விழுந்ததும் அது சீறிக் கொதிக்கிற சத்தம் என் தென்னைகள் வரைக்கும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சூடான அந்த நெடியும் வந்துவிட்டது. நான் கையிலிருந்த மண்வெட்டியைப் போட்டுவிட்டு மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஐம்பத்திரண்டு வயது ஆள், சுண்ணாம்பு நெடிக்கு ஒளிந்துகொள்கிறேன். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். நீயும்தான் சிரித்திருப்பாய், சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க.

உன் வீட்டுக்காரி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், வேலிப் பக்கம் வந்து குரல் கொடுத்தாள். நீ போனதிலிருந்து அவள்தான் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறாள். உன்னைவிட நன்றாகவே பார்க்கிறாள் என்று ஊரில் பேச்சு. "அண்ணே, இன்னைக்கு மருந்து அடிக்கிறோம். தண்ணித் தொட்டிய மூடிக்கங்க" என்றாள். "சரிம்மா" என்று பின்னால் இருந்தபடியே சொன்னேன். முன்னால் வந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீ உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை ஆறு வருஷம் சொல்லாமல் கடத்தினேன். படுக்கையில் கிடந்து நீ என் கையைப் பிடித்துக்கொண்டபோதும் முழுங்கிவிட்டேன். அதைச் சொல்வதற்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உனக்கு வந்து சேராது என்று தெரியும். சேராது என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேனோ என்றும் சந்தேகமாக இருக்கிறது.

தொண்ணூற்றாறில், அனுமந்தன்பட்டிக்கு மேற்கே, என் இரண்டு ஏக்கருக்குப் பக்கத்து இரண்டு ஏக்கரை நீ வாங்கினாய். உத்தமபாளையத்திலிருந்து சைக்கிளில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து இறங்கி, "மாப்ள, குடிக்கத் தண்ணி கெடைக்குமா?" என்று கேட்டாய். முன்பின் பார்த்ததில்லை. நம் பக்கத்தில் ராவுத்தர் வீட்டு ஆளும் எங்கள் வீட்டு ஆளும் முதல் பார்வையிலேயே மாமன் மச்சான் ஆகிவிடுவது வழக்கம்தான் என்றாலும், உன் வாயில் அது வழக்கத்துக்குச் சொன்ன மாதிரி இல்லை. அன்றே உட்கார்ந்து திராட்சைப் பந்தலுக்குக் கல்தூண் எங்கே வாங்குவது என்று பேசினோம். அப்புறம் எல்லாம் ஒன்றாகவே ஆனது. ஒரே பவர் ஸ்பிரேயர், ஒரே வேலையாட்கள், ஒரே நாளில் கவாத்து.

கவாத்து நாளைக் குறிப்பதுதான் திராட்சைக்காரனின் தலையெழுத்து என்று உனக்குத் தெரியும். இன்று கொடியில் கத்தரி வைத்து வெட்டினால் நாற்பது நாள் வாக்கில் பூ, நாலு மாதத்தில் காய். பூ நேரத்தில் மழை பிடித்தால் எல்லாம் கொட்டிப்போகும். நீ வானத்தைப் பார்ப்பாய், ரேடியோ கேட்பாய், பெரியவர்களிடம் விசாரிப்பாய். எல்லாம் சரியாக இருந்தும் சில நாள் காலையில் கத்தரியைக் கையில் எடுத்துவிட்டு, "இன்னைக்குக் கை சரியில்ல, நாளைக்கு வெட்டுவம்" என்று கீழே வைத்துவிடுவாய். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாளாக இருக்கும், அல்லது யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள். வேலைக்கு வந்த ஆட்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக் களை எடுக்க அனுப்பிவிடுவாய். எனக்கு எரிச்சலாக வரும். செடிக்கு உன் மனசு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "செடிக்குத் தெரியாது மாப்ள. கைக்குத் தெரியும்ல" என்றாய்.

இரண்டாவது வருஷமா மூன்றாவது வருஷமா, எனக்கு ஞாபகமில்லை. என் மச்சினன் தேவதானப்பட்டியிலிருந்து வந்திருந்தான். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "மாமா, ஒங்க தோட்டத்துல என்னைக்குக் கத்தரி வெக்கணும்னு ராவுத்தருதேன் சொல்லணுமாமே?" என்றான். விளையாட்டாகத்தான் கேட்டான். என் வீட்டுக்காரியும் சிரித்தாள். நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். மறுநாள் விடிந்ததும் ஆட்களைக் கூட்டிப்போய் என் இரண்டு ஏக்கரையும் வெட்டிச் சாய்த்துவிட்டேன். நாம் பேசி வைத்த நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நீ வந்து பந்தலுக்கு அடியில் நின்று பார்த்தாய். திரும்பி உன் தோட்டத்துக்குப் போய்விட்டாய். என் பூவில் மழை விழுந்தது. உன் பூவில் விழவில்லை.

அதற்குள் மச்சினன் கேட்ட கேள்வி என் வீட்டுக்காரி மூலமாக உன் காதுக்கும் வந்திருந்தது. கொட்டிய பூவைக் காலால் தள்ளிக்கொண்டு நின்றபோதுதான் சொன்னாய். "கத்தரி ஒங் கையில இருந்துச்சு. வெட்டுனது ஒம் மச்சினன்."

எனக்கு வந்த கோபத்துக்கு உன்னை அடித்திருப்பேன். என்னைக் கோபக்காரன் என்று ஊர் சொல்லும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கோபக்காரன் என்றால் ரோஷக்காரன், ரோஷக்காரன் என்றால் ஆம்பளை, இப்படி ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கோபத்துக்கு அடியில் வேறு ஏதாவது இருக்குமா என்று நான் குனிந்து பார்த்ததே இல்லை. பார்க்கிற ஆளாக நீ பக்கத்தில் இருந்தாய். அதுதான் எனக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது.

நீ உன்னையும் விட்டுவைக்க மாட்டாய் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் என் தோட்டம் நன்றாக வந்தது. கொத்து ஒவ்வொன்றும் கை கொள்ளாது. நீ ஒரு மாலையில் வந்து பந்தலுக்குள் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை நடந்தாய். திரும்பி வந்து தொட்டியில் கால் கழுவிக்கொண்டே சொன்னாய். "மாப்ள, எனக்கு ஒம் மேல பொறாமையா இருக்கு. இன்னைக்கு ஒங்கூடப் பேசுனா நல்லபடியாப் பேச மாட்டேன். நாளைக்கு வாரேன்." சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஒரு ஆள் தன்னைப் பற்றியே இப்படிச் சொல்லிக்கொள்வானா? எனக்கு அது வேட்டி அவிழ்ந்து நிற்பதுபோல அசிங்கமாக இருந்தது. மறுநாள் டீக்கடையில் அதை நடித்துக் காட்டினேன். உன் குரலில் பேசி, கால் கழுவுவதுபோல் காலைத் தேய்த்து, "பொறாமையா இருக்கு மாப்ள" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த நேரத்தில் நீயே உள்ளே வந்தாய். சிரிப்பு அடங்கிவிட்டது. "நெசந்தானப்பா, சொன்னேன்" என்றாய். டீ வாங்கிக் குடித்துவிட்டு, "இன்னைக்கு இல்ல. நேத்தோட போச்சு" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாய். உண்மையில் அது போய்விட்டிருந்தது, அதை உன் முகத்திலேயே பார்த்தேன். எனக்குள் இருந்தது எதுவும் இப்படி ஒரு நாளில் போனதில்லை.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். ஏழு வருஷத்துக்கு முந்திய ஐப்பசி. விடாத தூறல். இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூசணம் பிடிக்க ஆரம்பித்திருந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து இரண்டு தோட்டத்துக்கும் ஒரே நாளில் அடித்துவிடுவது என்று முடிவு செய்தோம். கலக்குகிற வேலை எப்போதும்போல பவுனுக்கு. பத்து வருஷமாக இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் அவள்தான் கலக்குவாள். கை அவ்வளவு சுத்தம். துத்தத்தைத் தனியாகக் கரைத்து, சுண்ணாம்பைத் தனியாகக் கரைத்து வடிகட்டி, இரண்டையும் ஊற்றிக் குச்சியால் சுற்றுவாள். முடிந்ததும் பளபளவென்று தீட்டிய அரிவாளைக் கலவைக்குள் முக்கிக் கொஞ்ச நேரம் வைத்து எடுப்பாள். அரிவாள் அப்படியே இருந்தால் அடிக்கலாம். இரும்பின் மேல் செம்பு சிவப்பாகப் படிந்தால் துத்தம் தூக்கலாக இருக்கிறது, இலையைப் பொசுக்கிவிடும், இன்னும் சுண்ணாம்பு ஊற்ற வேண்டும். ஒவ்வொரு டிரம்முக்கும் அரிவாள் போட்டே ஆக வேண்டும் என்பது உன் உத்தரவு.

அன்று காலை பழ வியாபாரி ஒருவர் வந்தார். உன் பந்தலுக்குள் போனவர் வெகுநேரம் வரவில்லை. மிளகு அளவுக்குக் காய் இறங்கியிருந்த நேரம். வெளியே வந்து, "இந்த வெள்ளாமையில பாய் தோட்டத்த யாரும் தொட முடியாது" என்றார். என் பந்தலை வெளியே இருந்தே ஒரு பார்வை பார்த்தார். குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார். உள்ளேகூட வரவில்லை. நீ அவரை வழியனுப்ப ரோடு வரைக்கும் போனாய். போகும்போது சிரித்துப் பேசிக்கொண்டு போனது எனக்குக் கேட்டது. என்னைப் பற்றித்தான் சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அப்படி எதுவும் இருந்திருக்காது. எதுவும் இல்லாததை வைத்துக்கொண்டுதான் நான் எப்போதும் பெரிய பெரிய காரியம் செய்திருக்கிறேன்.

மூன்று டிரம் முடிந்திருந்தது. பவுனு கஞ்சி குடிக்க வாய்க்கால் பக்கம் போயிருந்தாள். உன் தோட்டத்தில் மேற்கு வரிசைகள் பாக்கி. மழை இருட்டிக்கொண்டு வந்தது. நாலாவது டிரம்மை நான் கலக்கினேன். சுண்ணாம்பு மூட்டையின் அடியில் கிடந்தது ஈரம் பட்டுக் காரம் போய்ச் செத்துப்போன சுண்ணாம்பு. கையில் எடுத்தபோதே தெரிந்தது. அள்ளிப் போட்டுக் கலக்கினேன். அரிவாள் பந்தல் தூணில் செருகியிருந்தது. அதைப் பார்த்தேன், மாப்ள. மறந்துவிட்டேன் என்று உனக்கு எழுத மாட்டேன். பார்த்தேன். 'இவன் சட்டமெல்லாம் இவனோட' என்று நினைத்துக்கொண்டு ஸ்பிரேயர் ஓஸை எடுத்து மோட்டாரைப் போட்டேன்.

உன் தோட்டம் கருக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கருகக் கூடாது என்றும் நினைக்கவில்லை. இத்தனை வருஷமாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என்னால் நிற்க முடிகிறது, ஒரு பக்கமும் நகர முடியவில்லை. அன்று என் கையில் இருந்ததைக் கோபம் என்று நினைத்தேன். அது பொறாமை. நீ கால் கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்ன வார்த்தை. அதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளத் தெரிந்திருந்தால் நானும் அன்று சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

மூன்றாம் நாள் உன் மேற்கு வரிசைகளில் இலை ஓரம் தீய்ந்தது. பிஞ்சுத் தோலில் துரு மாதிரித் தழும்பு ஏறியது. இனி அது பழுத்தாலும் யாரும் தொட மாட்டார்கள். நீ ஒரு கொத்தைக் கையில் ஏந்தியபடி என்னிடம் வந்தாய். உன் உதடு வெளுத்திருந்தது. "மாப்ள, கடேசி டிரம்ம யாரு கலக்குனது?" என்று கேட்டாய்.

"பவுனுதேன்" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. நான் இத்தனை வேகமாக எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதில்லை.

நீ அன்று போட்ட சத்தத்தை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கை சரியில்லை என்று கத்தரியைக் கீழே வைக்கிற நீ, அன்று அந்த நிதானத்தை எல்லாம் விட்டுவிட்டாய். "பத்து வருசமாக் கலக்குறவ, அரிவா போட்டுப் பாக்க ஒனக்கு வலிச்சுச்சா? இனிமே இந்தப் பக்கம் வராத" என்று கத்தினாய். பவுனு சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் கலக்குனது எல்லாம் சரியாத்தேன் கலக்குனேன்" என்று ஒரு தடவை சொன்னாள். நான் தரையில் கிடந்த ஓஸைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் போவதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை பயமாக இருக்கிறது. தப்புச் செய்தவன் நான். வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு உன் மேல்தான் கோபம் கோபமாக வந்தது. நீ என்ன செய்தாலும் குற்றமாகத் தெரிந்தது. ஸ்பிரேயரைக் கழுவாமல் வைத்தாய் என்று சண்டை. வண்டிப் பாதையில் குச்சியைப் போட்டாய் என்று சண்டை. உன் முகத்தைப் பார்த்தாலே நெஞ்சுக்குள் ஏதோ கரிக்கும். நீ எனக்கு ஏதோ பெரிய கெடுதல் செய்துவிட்டதாகவே நம்ப ஆரம்பித்தேன். என்ன கெடுதல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு நாள் ஆட்கள் முன்னால் உன்னை மரியாதை இல்லாமல் பேசினேன். நீ என் பக்கத்தில் வந்து, "ஒனக்கு என்னமோ ஆயிருச்சு மாப்ள. என்னான்னு சொல்லு, கேக்குறேன்" என்றாய். அன்றே சொல்லியிருக்கலாம். "ஒங்கிட்ட என்னத்தச் சொல்றது" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அன்றோடு நமக்குள் பேச்சு வார்த்தை நின்றது.

அடுத்த வருஷம் பந்தலையே பிரித்தேன். நல்ல விளைச்சல் நிலையில் இருந்த கொடிகளைத் தூரோடு பிடுங்கிவிட்டுத் தென்னங்கன்று வைத்தேன். ஆள் கிடைக்கவில்லை, மருந்து விலை கட்டவில்லை என்று கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். என் வீட்டுக்காரி அழுதாள். உண்மை என்னவென்றால் அந்த அரிவாளையும் துத்தத்தையும் இன்னொரு தடவை என்னால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு பொய்யைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்காக இரண்டு ஏக்கரை அழித்தேன். இப்படியும் ஒருத்தன் விவசாயம் பண்ணுவான்.

நாலு வருஷம் ஒரே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தோம். பெருநாள் அன்று நீ பிரியாணி கொடுத்தனுப்புவாய். என் வீட்டுக்காரி வாங்கி வைப்பாள். நான் சாப்பிட மாட்டேன். உன் மகள் கல்யாணத்துக்கு நீயே பத்திரிகையோடு வந்தாய். நான் வீட்டுக்குள் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னேன். நீ வாசலில் என் செருப்பைப் பார்த்திருப்பாய்.

அப்புறம் உனக்கு வயிற்றில் கட்டி என்று கேள்விப்பட்டேன். மதுரைக்கும் ஊருக்குமாக அலைந்தீர்கள். கடைசியில் இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். தங்கச்சி ஆள் அனுப்பினாள். "அண்ணன ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போகச் சொன்னாக" என்று வந்தவர் சொன்னார். இரண்டு நாள் யோசித்து மூன்றாம் நாள் போனேன். நீ பாதி ஆளாகக் கிடந்தாய். என் கையைப் பிடித்தாய். உன் கையில் கனமே இல்லை. "வந்துட்டியா" என்றாய், நேற்றுத்தான் பிரிந்த மாதிரி.

என்னிடம் ஏன் பேசவில்லை என்று கேட்பாய் என்று பதில் எல்லாம் தயாரித்து வைத்திருந்தேன். நீ அதைக் கேட்கவே இல்லை. பவுனைப் பற்றிப் பேசினாய். "மாப்ள, எனக்கு ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு. அந்தப் பொம்பளய வெரட்டி விட்டேன்ல. அவ கை தப்பாது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அன்னைக்குக் கோவத்துல நிதானம் போச்சு. அவ லோயர் கேம்ப்ல இருக்காளாம். நீ போயிப் பாத்து, ராவுத்தரு மன்னிப்புக் கேட்டான்னு சொல்லிரு. என்னால ஏந்திருச்சுப் போக முடியல."

வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. நான்தான் என்று ஒரே ஒரு சொல். தங்கச்சி பக்கத்தில் இளநீரை டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தாள். சாகக் கிடக்கிறவனைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று ஒரு நல்ல காரணம் அந்த நேரத்தில் எங்கிருந்தோ எனக்குக் கிடைத்தது. "சரி மாப்ள, நீ கவலப்படாத, நான் போயிச் சொல்றேன்" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். என்னைப் பெரிய மனசுக்காரன் என்று நினைத்துத்தான் தூங்கியிருப்பாய். என் பொய்யால் வந்த தப்புக்கு நீ என் மூலமாகவே மன்னிப்புக் கேட்டாய், நான் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

மூன்று வாரத்தில் போய்விட்டாய்.

பள்ளிவாசல் முற்றத்தில் உன்னை இறக்கி வைத்திருந்தார்கள். தொழுகைக்கு முன்னால் உன் அண்ணன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "போயிட்ட ஏந் தம்பி, பேச்சாலயோ செய்கையாலயோ யாரு மனசயாவது நோகடிச்சிருந்தா, அல்லாவுக்காக அவன மன்னிச்சிருங்க." கூட்டத்திலிருந்து "மன்னிச்சிட்டோம்" என்று பல குரல்கள் வந்தன. நான் ஓரமாக நின்றிருந்தேன். பக்கத்தில் நின்றவர் என் முகத்தைப் பார்த்தார். நானும் உன் சிநேகிதன்தானே, நாலு வருஷம் பேசாமல் இருந்தவன், என்ன சொல்கிறேன் என்று பார்த்திருப்பார். "மன்னிச்சிட்டேன்" என்று என் வாயும் சொன்னது. உன்னை நான் மன்னித்துவிட்டேனாம்! போனவருக்கு யாராவது தீங்கு செய்திருந்தால் முன்னால் வாருங்கள் என்று யாரும் கூப்பிடவில்லை. அப்படி ஒரு வழக்கம் இருந்திருந்தால் மட்டும் வந்திருப்பேனா? மையவாடியில் மூன்று கைப்பிடி மண் போட்டேன்.

நீ சொன்ன வேலையைச் செய்ய எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மழை, தேங்காய் வெட்டு, கால் வலி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். ஞாயிறு என்றால் மலை மேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகிற ஜீப் ஓடாது, ஆள் வீட்டில் இருப்பாள். லோயர் கேம்பில் இறங்கி விசாரித்து, வாய்க்கால் ஓரமாகப் போய்க் கண்டுபிடித்தேன். மலை மேலிருந்து இறங்குகிற பெரிய குழாய்களுக்குக் கீழே தகரம் போட்ட வீடு. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். பார்த்தால் பத்து வயது மூத்தவள்போல இருந்தாள். என் பேரைச் சொன்னேன்.

"தெரியுது" என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

"ராவுத்தரு தவறிட்டாரு."

"கேள்விப்பட்டேன். அழுதேன்" என்றாள்.

"ஒன்ன நிறுத்துனதுக்கு மன்னிப்புக் கேட்டதாச் சொல்லச் சொன்னாக. கடைசியில அதத்தேன் சொன்னாக."

அவள் கையிலிருந்த துணியைப் பிழியாமல் அப்படியே வைத்திருந்தாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "அவுக எதுக்குக் கேக்கணும்" என்றாள்.

அப்போதுதான் சொன்னேன். இவ்வளவு வருஷத்தில் முதல் தடவையாக என் வாயால். "நாலாவது டிரம்ம நாந்தேன் கலக்குனேன் பவுனு. அரிவா போட்டுப் பாக்கல. ஒம் மேல பழியப் போட்டதும் நாந்தேன்."

"தெரியும். கஞ்சி குடிச்சிட்டு வரும்போது குச்சி ஒங்க கையில இருந்துச்சு."

"அன்னைக்கே ஏன் சொல்லல?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் தெரிந்தது, அங்கேயும் அவள் மேலேயே பாரத்தைத் தூக்கி வைக்கிறேன் என்று.

"சொன்னா யாரு நம்புவாக? நீங்க சொல்வீகன்னு ஒங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன். நீங்க ஓஸச் சுத்திக்கிட்டு இருந்தீக" என்றாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "மருந்தக் கெடுத்தவன்னு பேராயிருச்சு. அப்புறம் எந்தத் தோட்டத்துலயும் கலக்கக் கூப்பிடல. ஜீப்புல ஏறுனேன். விடியறதுக்கு முன்னால போகணும். சின்னப் பயலப் பாத்துக்க ஆளில்லைன்னு பெரிய மக பள்ளிக்கூடத்த விட்டு நின்னா. ஒம்பதாவது. நல்லாப் படிப்பா. இப்பக் கல்யாணமாகி நல்லாத்தேன் இருக்கா. ஆனா படிச்சிருப்பா."

நான் நின்றுகொண்டே இருந்தேன். என்னவோ வரும் என்று காத்திருந்தேன் போல.

"மன்னிச்சிட்டேன்னு நான் சொல்லணும்னு நிக்கிறீக" என்றாள். "ராவுத்தருக்கு மனசாரச் சொல்லிட்டேன். ஒங்களுக்கு வாய் வரல. பொய் சொல்லி என்ன ஆகப்போகுது. பஸ்ஸு வந்துரும், போங்க." துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்து பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தேன். நடந்ததை அப்படியே உனக்குச் சொல்கிறேன், மாப்ள. எனக்குப் பவுனு மேல் கோபம் வந்தது. இத்தனை தூரம் வந்து, இத்தனை வருஷம் கழித்து, யாரும் கேட்காமலே ஒருத்தன் ஒத்துக்கொள்கிறான். உட்காரென்று ஒரு வார்த்தை சொன்னாளா? ஊரில் எவன் இப்படி வந்து சொல்வான்? இவளுக்கு என்ன திமிர்? குமுளியிலிருந்து முதல் பஸ் வந்தது. இந்தக் கோபத்தோடு ஏறினால் கம்பம் போய்ச் சேருவதற்குள் அது கெட்டியாகிவிடும், இன்னும் ஏழு வருஷத்துக்குத் தாங்கும் என்று தோன்றியது. ஏறவில்லை. இரண்டாவது பஸ் வந்தபோது அந்தக் கோபம் உன் மேல் திரும்பியிருந்தது. சாகிற நேரத்தில் இவன் ஏன் என்னை இங்கே அனுப்பினான் என்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பஸ் வந்து போன பிறகு திட்டுவதற்கு ஆள் மிச்சமில்லை. அப்போது முகமெல்லாம் சுட்டது, தலையை நிமிர்த்த முடியவில்லை. அது வெட்கம். ஏழு வருஷமாக நான் கோபம் என்று சொல்லிக்கொண்டு சுமந்ததும் அதுதான். நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் முதல் பஸ் வருவதற்குள் சொல்லியிருப்பாய். உன்னால் சொல்ல முடிந்ததை எல்லாம் இனி நானேதான் எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். தாமதமாகத்தான் வருகிறது.

தங்கச்சியிடம் சொல்ல வேண்டும். பவுனு மேல் தப்பில்லை என்று அவளும் கேட்க வேண்டும், அதையும் என் வாயால் கேட்க வேண்டும். சொன்னால் இனி என்னை அண்ணே என்று கூப்பிட மாட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறாள், எழுந்து போனால் ஐம்பது அடி. நேற்று மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்றபோதும் இதைத்தான் நினைத்தேன். இப்போது எனக்குள் இருப்பது கோபம் இல்லை, ரோஷம் இல்லை, பயம். பயம் என்று நன்றாகத் தெரிகிறது, மாப்ள. தெரிந்தும் நான் இன்னும் போகவில்லை.